அப்பாவின் நேயர் நோட்டும் வாட்ஸாப் குரலும்: வானொலியில் நேயருக்கு இப்போது என்ன இடம்?

உப்பளம் (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, காலை 10.20

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. வேதாரண்யத்தில் இருக்கிறார். போன வாரம் ஊருக்குப் போனபோது அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெயிலில் பரப்பினோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய இரவில், ஓடு பறந்து தண்ணீர் இறங்கிய பெட்டி அது. அன்றிலிருந்து அதைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே பதினான்கு நோட்டுகள், கட்டுக்கட்டாக அஞ்சலட்டைகள், வெளிநாட்டு வானொலிகள் அனுப்பிய வண்ண அட்டைகள், நாற்பதுக்கு மேல் கேசட்டுகள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்பவர்கள், ஒலிபரப்பு தங்கள் ஊரில் எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்கு அறிக்கை எழுதுவார்கள். ஒலியின் வலு, பக்கத்து நிலையத்தின் இடைஞ்சல், இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். உண்மையாகவே கேட்டதற்குச் சாட்சியாக, எத்தனை மணிக்கு என்ன பாட்டு போனது, யார் யார் பெயரை வாசித்தார்கள் என்பதையும் நிமிடக் கணக்கோடு எழுத வேண்டும். நிலையம் சரிபார்த்து ஒரு வண்ண அட்டை அனுப்பும். அந்த அறிக்கைகளுக்காக எடுத்த குறிப்புகள்தான் அப்பாவின் நோட்டுகள்.

அப்பா இன்றைக்கும் நேயர்தான். பேத்தி போட்டுக்கொடுத்த வாட்ஸாப்பில் ஒரு பண்பலை நிலையத்துக்குத் தினமும் குரல் அனுப்புகிறார். முன்பு பதிலுக்கு மூன்று வாரம் காத்திருந்தவருக்கு இப்போது நீல நிறக் குறி உடனே விழுந்துவிடுகிறது. ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குள் தைத்துவிட்டது. "அப்ப நான் எழுதினதை ஒருத்தர் படிச்சார். இப்ப நான் பேசுறது போய்ச் சேருது, அவ்வளவுதான்."

பழைய ஊடகமும் புதியதும் கலந்த பிறகு நேயருக்கு இடம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வானொலியை மட்டும் வைத்துப் பேசுவோமா?

---

மத்தியஅலை | ஞாயிறு, காலை 11.05

முதலில் நோட்டுகளை வெயிலிலிருந்து எடுங்கள். மை வெளுத்துவிடும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

நான் உங்கள் அப்பா பக்கம். நாம் சிலோன் ரேடியோ என்று சொன்ன நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரையொட்டி நேச நாட்டுப் படைவீரர்களுக்காகக் கொழும்புக்கு அருகே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி வந்தது. போர் முடிந்தபின் அது இலங்கையின் கைக்கு வந்தது. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் ஆகாசவாணியில் திரைப்பாடல்களை ஒதுக்கித் தள்ளினார். அந்தப் பசியோடு இருந்த நேயர்கள் கொழும்புக்குத் திரும்பினார்கள். இந்தியில் அமீன் சயானி நடத்திய பாட்டு வரிசை நிகழ்ச்சியான பினாகா கீத்மாலாவின் முதல் ஒலிபரப்புக்கே 9,000 கடிதங்கள் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டுகளின் வரிசையை முடிவு செய்ததில் இசைத்தட்டு விற்பனைக்கு மட்டுமல்ல, ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் வாக்குக்கும் பங்கு உண்டு. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தலையா என்ற அபிரகச் சுரங்க ஊர், பாட்டு கேட்டு எழுதிய கடிதங்களாலேயே வட இந்தியா முழுவதும் பெயர் பெற்றது.

தமிழில் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது. இவர்கள் ஒரு பெயரை வாசித்தால் அந்த ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு அஞ்சலட்டைக்கு இருந்த கனம் இன்றைய ஆயிரம் குரல் செய்திக்கு இல்லை.

---

மைக்முன்னால் | ஞாயிறு, பகல் 1.40

நான் பண்பலையில் அறிவிப்பாளராக இருக்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம்.

மத்தியஅலை அண்ணன் சொல்லும் கனத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு எழுதியவர்கள் யார்? எழுதத் தெரிந்தவர்கள். அஞ்சலட்டைக்குக் காசு இருந்தவர்கள். பெயர் வாசிக்கப்பட்டவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மூட்டையிலேயே கிடந்துபோன கடிதங்களை எழுதியவர்கள் எத்தனை பேரோ!

இன்றைக்கு என் நிகழ்ச்சிக்குப் பேசுபவர்களில் பீடி சுற்றும் அம்மா இருக்கிறார். இரவில் லாரி ஓட்டுபவர் இருக்கிறார். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு பாட்டி, தன் தெருவில் தண்ணீர் வராததைப் பற்றி ஒப்பாரி மெட்டில் பாடி அனுப்பினார். அதை அப்படியே ஒலிபரப்பினோம். அஞ்சலட்டைக் காலத்தில் அந்தக் குரல் எங்களை வந்து சேர்ந்திருக்க வழியே இல்லை. குறைந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

---

மத்தியஅலை | ஞாயிறு, பகல் 2.10

அந்தப் பாட்டியின் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா?

---

மைக்முன்னால் | ஞாயிறு, பகல் 2.25

தெரியாது. அதன்பிறகு நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் கேட்டது சரியான கேள்விதான்.

---

வடலி | ஞாயிறு, இரவு 8.50

இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். சொந்த இடம் வடமராட்சி.

நீங்கள் எல்லாரும் நிலையத்துக்கு எழுதியதைப் பற்றியே கதைக்கிறீர்கள். எழுதவே வழியில்லாமல் கேட்டவர்களின் கதையையும் சொல்ல விரும்புகிறேன்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பட்டரியும் தடை. றேடியோ இருந்தது, அதற்கு உயிர் கொடுக்க ஒன்றும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் கொடுப்போம். இரவு 9.15க்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. ஒருவர் சுற்றுவார், பத்துப் பதினைந்து பேர் முற்றத்தில் குந்தியிருப்பார்கள். சுற்றுகிற வேகம் குறைந்தால் குரல் மங்கும். அதனால் ஆள் மாறும்போதும் சில்லு நிற்காமல் கை மாற்றுவோம். அரைமணி நேரச் செய்தி முடிந்தபிறகு, கேட்டவர் ஒவ்வொருவரும் தன் ஒழுங்கையில் (எங்கள் ஊர்த் தெருச்சந்து) போய் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது எழுதாத சட்டம். என் மாமா ஒரு பெயரும் தவறாமல் அப்படியே ஒப்புவிப்பார். மறுநாள் காலையில் சந்தையில் அதே செய்தி இன்னும் தூரம் போயிருக்கும்.

எங்களில் ஒருவரும் லண்டனுக்கு ஒரு வரி எழுதியதில்லை. நாங்கள் கேட்டது அந்த நிலையத்துக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. ஆனால் அதைவிட ஆழமாக ஒரு நேயர் ஒரு ஒலிபரப்பில் பங்கெடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. சுற்றினால்தான் செய்தி.

2017 ஏப்ரல் 30 அன்று தமிழோசை சிற்றலையில் கடைசியாக ஒலித்தது. 48-இல் தொடங்கியது, அறுபத்தொன்பது வருடம் ஓடியது. இங்கே கைப்பேசியில் அந்தக் கடைசி ஒலிபரப்பைக் கேட்டு அழுதேன். இப்போது பிபிசி தமிழ் இணையத்தில் நன்றாகவே இருக்கிறது, காணொலிகளும் பார்க்கிறேன். ஆனால் நான் பார்த்ததைப் போய்ச் சொல்ல எனக்கு ஒழுங்கை இல்லை. பகிரும் பொத்தானை அமுக்குகிறேன்.

---

பழங்கணக்கு | ஞாயிறு, இரவு 9.30

வடலி, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் செய்யத் தோன்றாமல் இருந்தேன். ஒரு சிறு திருத்தம் மட்டும்: பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது 1941 மே 3. ஆக, சிற்றலையில் எழுபத்தாறு வருடம்.

---

வடலி | ஞாயிறு, இரவு 9.42

நன்றி. எழுபத்தாறு. இழையைத் தொடங்கியவரின் அப்பாவுக்கும் அதே வயதுதான்.

---

களப்பணி | திங்கள், காலை 7.15

இதழியல் படிக்கும் மாணவி நான். மைக்முன்னாலும் மத்தியஅலையும் பேசிக்கொண்டதில் எனக்குப் பட்டது இது. நேயர் பேச வழி எவ்வளவு சுலபம் என்பது ஒரு கேள்வி. பேசிய பிறகு நிகழ்ச்சியில் ஏதாவது மாறுகிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். இரண்டாவதில் நம்மைவிட முன்னோர்கள் கவனமாக இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கனடாவில் 1941 முதல் 1965 வரை பண்ணை வானொலி மன்றம் நடந்தது. வாராவாரம் ஒரு சிறு அச்சுப் பிரதி தபாலில் வரும். திங்கள் இரவு அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒரு வீட்டில் கூடுவார்கள். அதைப் படித்து, வானொலியைக் கேட்டு, விவாதித்து, தங்கள் முடிவை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பதில்களின் சாரம் அடுத்து வானொலியிலேயே வாசிக்கப்படும். "படி, கேள், விவாதி, செய்" என்பது அவர்கள் வாசகம். அச்சு, தபால், வானொலி, திண்ணைப் பேச்சு என்று நான்கு ஊடகங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னியிருந்தன. கலப்பு ஊடகம் என்று இன்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தருவதை அவர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் செய்தார்கள்.

அதே முறையை 1956-இல் புனே வட்டாரத்தில் சுமார் 150 கிராமங்களில் சோதித்தார்கள். கூட்டத்தில் எழுந்த கேள்விகள் நிலையத்துக்குப் போகும், பதில் பின்வரும் நிகழ்ச்சியில் வரும். மைக்முன்னால் அண்ணன் கேட்காமல் விட்டது அந்த இரண்டாவது பாதி.

---

குறுவை | திங்கள், காலை 9.00

தஞ்சாவூர்க்காரன் சொல்கிறேன். அறுபதுகளின் நடுவில் எங்கள் பக்கம் வந்த ஆடுதுறை 27 நெல்லுக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு: ரேடியோ நெல். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் கேட்டுக் கேட்டு விதைத்ததால் அந்தப் பெயர். ஒரு நிலையம் சொன்னதைக் கேட்டு மக்கள் ஒரு நெல்லுக்கே பெயர் வைத்தார்கள். தாத்தா கடைசிவரை அதை வேறு பெயரில் சொன்னதில்லை.

இப்போது என் கைப்பேசியில் விவசாயத்துக்கென்று பதினோரு வாட்ஸாப் குழுக்கள். புகையான் வந்த பயிரைப் படம் பிடித்துப் போட்டால் பத்து நிமிடத்தில் இருபது மருந்துப் பெயர் வரும். அதில் எது சரி என்று சொல்ல ஆள் இல்லை. மருந்துக் கடைக்காரரே குழுவில் இருக்கிறார். கடந்த வருடம் அப்படி ஒரு யோசனையைக் கேட்டு அரை ஏக்கர் கருகியது. அதன்பிறகு படத்தைக் குழுவில் போட்டாலும், வேளாண் அலுவலர் ஒரு வார்த்தை சொல்லும்வரை தெளிப்பானைத் தோளில் மாட்டுவதில்லை.

---

பாம்பன்காற்று | திங்கள், மாலை 6.30

எங்கள் ஊரில் கடல் ஓசை என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. 90.4. மீனவர்களுக்காக 2016-இல் தொடங்கியது. சமுதாய வானொலிகளுக்குச் சட்டப்படி வலு குறைவு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். ஆனால் அந்தப் பதினைந்து கிலோமீட்டர்தான் எங்களுக்கு வேண்டியது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று வேகம் எல்லாம் கணித்துத் தருகிறது. அதே தகவல் கைப்பேசியிலும் வரும். என் பெரியப்பாவுக்கு அது எழுத்தும் எண்ணுமாக இருந்தால் பயன் இல்லை. கச்சான் காற்று எப்படி, சோழகக் காற்று எப்படி, வலை போடலாமா என்று எங்கள் பேச்சில் எங்கள் ஆள் சொன்னால் உடனே புரியும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இணையம் அறுந்துவிடுகிறது. பண்பலை அதற்குப் பிறகும் கூட வருகிறது.

கரையில் இருப்பவர்களுக்கு இணையம் வேறு வேலை செய்கிறது. வளைகுடாவில் படகுக்குப் போயிருக்கும் என் தம்பி செயலி வழியாக இதே நிலையத்தைக் கேட்கிறான். காற்று நிலவரம் அவனுக்கு எந்த வேலைக்கும் ஆகாது. ஆனாலும் அதைத்தான் கேட்கிறான். எனக்குப் பழையது, புதியது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. கடலுக்குள் ஒன்று, கடல் தாண்டி இன்னொன்று.

---

களப்பணி | திங்கள், இரவு 7.10

இப்படிச் சமுதாய வானொலிகள் வந்ததற்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் சொன்னது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி வந்தது, நாட்டிலேயே முதலாவது. 2006 கடைசியில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் தனியார் பண்பலையானாலும் சமுதாய வானொலியானாலும் சொந்தமாகச் செய்தி சொல்ல இன்றும் அனுமதி இல்லை. பாட்டியின் தண்ணீர்க் குறையைப் பாட்டாக ஒலிபரப்பலாம், செய்தியாகத் தொடர முடியாது. நேயரின் குரல் உள்ளே வந்தும் ஒரு சுவரில் முட்டி நிற்பதற்கு இதுவும் காரணம்.

சத்தீஸ்கரில் 2010-இல் சிஜிநெட் ஸ்வரா தொடங்கியபோது அந்தச் சுவரைச் சுற்றிப் போனார்கள். சாதாரணக் கைப்பேசியில் ஒரு எண்ணை அழைத்து, 1 அமுக்கினால் உங்கள் செய்தியைப் பதியலாம், 2 அமுக்கினால் மற்றவர்களுடையதைக் கேட்கலாம். கோண்டி மொழியிலும் பேசலாம். கேட்டவர்கள் சம்பந்தப்பட்ட அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வார்கள். குறை தீர்ந்தால் அதுவும் பதிவாகும்.

---

மைக்முன்னால் | திங்கள், இரவு 11.50

இரண்டு நாளாக இந்த இழை என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாட்டுப் பட்டியல் முதல் நாளே கணினியில் தயாராகிவிடும். அறிவிப்பாளர் அதை மாற்ற முடியாது. நேயர்கள் கேட்டு அனுப்பும் குரல்களில், பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பாட்டை யார் கேட்டிருக்கிறார் என்று தேடுவோம். கிடைத்தால் அவர் குரலைப் போட்டு, "இதோ உங்களுக்காக" என்று சொல்லி அந்தப் பாட்டை ஒலிக்க விடுவோம். கேட்டவர் கேட்டதால் பாட்டு வரவில்லை. பாட்டு வரப்போவதால் கேட்டவர் வருகிறார். பல வருடமாக இதைச் செய்கிறேன், ஒருநாளும் எனக்கு உறுத்தியதில்லை. உப்பளத்தின் அப்பா "போய்ச் சேருது, அவ்வளவுதான்" என்றது இதைத்தான். உள்ளே வந்து பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று காலை அந்தப் பாட்டியின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினேன். தண்ணீர் வரவில்லை. குழாய் உடைந்து நான்கு மாதம். நிகழ்ச்சியில் செய்தியாகச் சொல்ல முடியாது, ஆனால் பாட்டி இன்னொரு பாட்டு பாடித் தந்தால் ஒலிபரப்புவதாகத் தலைமையிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வார்டு உறுப்பினருக்கும் நானே பேசுகிறேன்.

---

தேவி_பரமக்குடிபக்கம் | செவ்வாய், காலை 6.05

நான் இங்கே படிப்பவள், எழுதுவதில்லை. அப்பாவின் நோட்டு என்றதும் எழுதத் தோன்றியது.

1981-இல் எனக்கு வயது பதினேழு. சிலோனுக்கு நேயர் விருப்பம் எழுதினேன். தனியாகப் பெயர் வந்தால் ஊர் பேசும் என்று நான்கு தோழிகளின் பெயரையும் சேர்த்தேன். ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், எதிர்வீட்டுத் திண்ணையில் எல்லாரும் இருக்கும்போது பெயர் வந்தது. பாட்டு முழுவதும் கேட்டோம். அந்த மூன்று நிமிடம் போல ஒரு மகிழ்ச்சி எனக்கு வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை.

மறுநாள் கடைத்தெருவில் யாரோ அப்பாவிடம் "உங்க பொண்ணு பேரு ரேடியோவுல வருது" என்று சொல்லியிருக்கிறார்கள். என் படிப்பு அந்த வாரத்தோடு நின்றது. தோழிகளில் இரண்டு பேருக்கும் அதேதான்.

அஞ்சலட்டையின் கனத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தக் கனத்தை யார் சுமந்தார்கள் என்பதையும் பேச வேண்டும். இன்றைக்கு என் பேத்தி வேறு பெயரில் குரல் பதிந்து இணையத்தில் கதை சொல்கிறாள். அந்த மறைவு எனக்கு இருந்திருந்தால் நான் படித்திருப்பேன். அதனால் புதியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஒரு ஆசை. உங்கள் அப்பா, வாசித்த பெயர்களை எழுதிவைத்தார் என்று சொன்னீர்கள். 1981, ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவில். ப. தேவி. இருக்குமா? இல்லையென்றாலும் பரவாயில்லை.

---

மத்தியஅலை | செவ்வாய், காலை 7.30

அம்மா, நான் எழுதியதில் இந்தப் பக்கம் எனக்குத் தெரியவே இல்லை. மன்னியுங்கள்.

---

வடலி | செவ்வாய், காலை 8.15

உப்பளம், அந்த நோட்டுகளை நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடியுங்கள். கேசட்டுகளையும் எண்ணிமப் பதிவாக்குங்கள். பழைய இலங்கை வானொலிக் குரல்கள் என்று நான் இணையத்தில் கேட்டவற்றில் பல, யாரோ ஒரு நேயர் தன் வீட்டில் பதிந்து வைத்தவை. பின்னால் கோழி கூவும், ஆட்கள் கதைப்பார்கள். எங்கள் ஊடக நினைவைக் காத்தவர்கள் கேட்டவர்கள்தான். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005-இலிருந்து நூலகம் நிறுவனம் இணையத்தில் சேர்த்து வைக்கிறது. ஒலிப்பதிவுகளுக்கும் அங்கே இடம் உண்டு. விருப்பமிருந்தால் நான் உதவுகிறேன்.

---

உப்பளம் | புதன், இரவு 10.10

நேற்று முழுவதும் அப்பாவும் நானும் தொலைபேசியிலேயே இருந்தோம். அவர் பக்கம் பக்கமாகப் புரட்ட, பேத்தி படம் பிடித்து அனுப்பினாள். 1981 நோட்டில் கீழ்ப்பாதி முழுக்கக் கஜா தண்ணீர். மேலே உள்ள வரிகள் தப்பியிருக்கின்றன. செப்டம்பர் 6, ஞாயிறு. அப்பாவின் எழுத்தில் அப்படியே:

"காலை 7.42. நே.வி. பரமக்குடி அருகில், ப. தேவி + 4 பேர். ஒலி 4, இடைஞ்சல் 5, இரைச்சல் 4. பாட்டு பாதி. கரண்ட் போய்விட்டது."

அம்மா, உங்கள் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மற்ற நான்கு பேரின் பெயரையும் எழுதாமல் விட்டுவிட்டேனே என்றார். அவற்றைச் சொன்னால் அதே வரிக்குப் பக்கத்தில் எழுதிவைப்பாராம்.

---

தேவி_பரமக்குடிபக்கம் | வியாழன், காலை 5.50

பெயர்களைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்கள் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள்.

கரண்ட் போனது உங்கள் ஊரில். எங்கள் திண்ணையில் பாட்டு முழுவதும் கேட்டது. அதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.